முருங்கைத் தோட்டத்தில் ஒரு முள்ளுருண்டை

கேள்வி: உடன்குடி பக்கம் தேரிச் செம்மணலில் முருங்கையும் ஊடுபயிராக நிலக்கடலையும் போட்டிருக்கிறேன். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனபோது பெரிய மாதுளம்பழ அளவில் முள்ளுருண்டை ஒன்று கிடந்தது. முள்ளம்பன்றிக் குட்டி என்கிறார்கள். நாலைந்து இடத்தில் கடலைச்செடி சாய்ந்து காயைக் காணோம். இதன் வேலையா? பக்கத்து வீட்டில் பிள்ளையின் கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: உருண்டு கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்களே அண்ணாச்சி, விடை அதிலேயே இருக்கிறது. முள்ளம்பன்றி உருளாது. மிரண்டால் முள்ளைச் சிலிர்த்துச் சலசலக்கும், மிஞ்சினால் பின்பக்கமாகப் பாயும். அதன் முள்ளும் கருப்பு வெள்ளையாகச் சாண் நீளம் இருக்கும். நீங்கள் பார்த்தது முள்ளெலி. முள் ஒரு விரல்கணு நீளம்தான். மூஞ்சி கூர், வால் இருப்பதே தெரியாது. இந்த இனம் தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது.

பெயரில்தான் எலி. கொறிக்கும் பல் அதற்கில்லை, மூஞ்சூறுக்குத்தான் உறவு. வண்டு, புழு, கரையான் என்று தின்னும். கோடைமழைக்குப் பிறகு முருங்கை இலைக்கு வருகிற வண்டுதான் கடலைக்கு வேர்ப்புழுவை வைக்கிறது. அப்படிப் பார்த்தால் முள்ளெலி உங்கள் கூலியில்லாத ஆள்.

காயைத் தின்றது வயல் எலியாக இருக்கலாம். செடியடியில் கொறித்த தோடு கிடக்கிறதா, வரப்பில் புதுமண் தள்ளிய வளை இருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலம் எல்லா வளையையும் மண்போட்டு மூடுங்கள். விடியும்போது எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. அந்த வாயில் தஞ்சாவூர் கிட்டி என்கிற எலிப்பொறியை வையுங்கள். தோட்டத்தில் அங்கங்கே டி வடிவக் கம்பு நட்டால் ஆந்தை வந்து உட்காரும். விஷத் தீனி மட்டும் வேண்டாம், தேரியில் மயில் நடமாட்டம் அதிகம். செடி வேரோடு பறிபட்டு, சுற்றிலும் கிளறிக் குளம்புத்தடம் இருந்தால் அது எலியின் வேலை இல்லை, காட்டுப்பன்றி.

முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுக்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. அந்தச் சாம்பல் இருமலை நிறுத்தாது. கக்குவான் கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்தான நோய். இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள், தடுப்பூசி விடுபட்டிருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

முள்ளெலி இன்னும் அங்கே இருந்தால், கூடையைச் சாய்த்து உள்ளே உருட்டி, பொழுது சாய்ந்ததும் வேலிப்புதர் ஓரம் விட்டுவிடுங்கள்.