முழங்கால் வலிக்கு எத்தனை கியர் வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 54. முன்னால் மூன்று, பின்னால் ஏழு என 21 கியர் உள்ள சைக்கிள் வைத்திருக்கிறேன். எதை எப்போது மாற்றுவது என்று பிடிபடாததால், நடுவில் ஓரிடத்தில் வைத்து அப்படியே ஓட்டுகிறேன். மேடு ஏறும்போதும் நின்று கிளம்பும்போதும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. மருத்துவர் பார்த்துவிட்டு, சைக்கிளை விட வேண்டியதில்லை என்றார். மூட்டை நோகடிக்காத, குழப்பமில்லாத கியர் அமைப்பு எது? கியரே இல்லாத சைக்கிளுக்கு மாறிவிடலாமா?

பதில்: கியரில்லாத சைக்கிளுக்கு மட்டும் மாறிவிடாதீர்கள். மேடே இல்லாத ஊரில் ஓட்டுபவருக்கு அது சரி. உங்களுக்கோ வலி வருவதே மேட்டிலும் கிளம்பும்போதும்தான். அந்த இரண்டு இடங்களிலும் முழங்காலைக் காப்பாற்றுவது இலகுவான கியர் ஒன்றே. அது உங்கள் சைக்கிளில் ஏற்கெனவே இருக்கிறது, பயன்படாமல் கிடக்கிறது.

கணக்கு எளிது. பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது டயர் எத்தனை சுற்று சுற்றும் என்பது கிடைக்கும். 21 கியர் சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் 48, 38, 28 பற்களும், பின்னால் 14 முதல் 28 பற்கள் வரையும் இருக்கும். நீங்கள் வைத்திருக்கும் நடுக்கியர் ஏறத்தாழ 38-க்கு 20, அதாவது 1.9. டயரின் சுற்றளவு 2.1 மீட்டர் என்று கொண்டால், ஒரு மிதிக்கு வண்டி நான்கு மீட்டர் நகர்கிறது. முன்னால் 28, பின்னால் 28 போட்டால் அதே மிதிக்கு 2.1 மீட்டர்.

இதை மேட்டில் வைத்துப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றம். வழக்கமான 170 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு), நடுக்கியரில் பெடல் மீது சராசரியாக 21 கிலோ அளவுக்கு அழுத்தம் வேண்டும். இலகுவான கியரில் 11 கிலோ போதும். கிராங்க் முன்னோக்கிப் படுத்திருக்கும் கணத்தில் அழுத்தம் சராசரியைவிட அதிகமாக இருக்கும். முழங்கால் நன்றாக மடங்கியிருக்கும்போதே இப்படி அழுத்துவதால், சில்லு எலும்பு தொடை எலும்பின் மீது இறுக்கமாகப் பதிகிறது. முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் இதுதான் வழி.

எனவே காசு செலவழிக்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். முன்னால் இருப்பதில் மிகச் சிறிய சக்கரத்துக்குச் செயினைக் கொண்டுவந்து அங்கேயே விட்டுவிடுங்கள். இடக்கைப் பக்க நெம்புகோலைத் தொடவே வேண்டாம். வலக்கையால் பின்னால் இருப்பதை மட்டும் மாற்றுங்கள். பின்னால் மிகச் சிறிய இரண்டு சக்கரங்களுக்குப் போகாதீர்கள். அங்கே செயின் கோணலாக ஓடித் தேயும், தொய்ந்தும் போகலாம். 28-க்கு 18 என்ற நிலையில் நிமிடத்துக்கு 75 சுற்று மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகலாம். முழங்கால் தேறும்வரை அந்த வேகம் போதும்.

சுற்றுகளை எண்ணக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு முழங்கால் மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். சமதளத்தில் 70 முதல் 80 வரை இருக்கட்டும், மேட்டில் 60-க்குக் கீழே போக விடாதீர்கள். தொடக்கத்தில் கால் வீணாகச் சுற்றுவது போலத் தோன்றும், பழகிவிடும். சீட்டில் உடம்பு குதித்தால் மட்டும் ஒரு கியர் கனமாக்குங்கள்.

இந்த வாரத்திலேயே சீட்டின் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். சீட்டில் நேராக உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மீது வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது லேசான மடக்கு தானே வந்துவிடும். முன்பக்கம் வலிப்பவர்களில் நிறையப் பேர், தரையில் கால் ஊன்ற வசதியாக இருக்கட்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பவர்கள். ஒரேயடியாக ஏற்றாமல் ஐந்து ஐந்து மில்லிமீட்டராக ஏற்றுங்கள். முழங்காலின் பின்பக்கம் இழுத்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

ஒரு வாரத்தில் வலி குறைந்தால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வண்டியை நிரந்தரமாக எளிமையாக்கலாம். முன்னால் மூன்றையும் கழற்றிவிட்டு 32 பல் சக்கரம் ஒன்று. பின்னால் 14 முதல் 34 பல் வரை உள்ள ஏழு அடுக்கு ஃப்ரீவீல், அதாவது பின் பல்சக்கரத் தொகுப்பு. மிக இலகுவான கியர் 0.94 ஆகிவிடும், இப்போது இருப்பதையும்விட இலகு. மறுமுனையில் 32-க்கு 14, அதே 75 சுற்றில் மணிக்கு 21 கிலோமீட்டருக்குமேல் போகும். இடக்கை நெம்புகோலும் அதன் கேபிளும் போய்விடும். 24 பல்லிலிருந்து 34-க்கு ஒரே தாவலாகத் தாவும் என்பது இந்த ஃப்ரீவீலின் குறை. ஆனால் மேடு தொடங்குமிடத்தில் அந்தத் தாவல்தான் உங்களுக்கு வேண்டியது.

கடையில் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் செயினை நகர்த்தும் டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா? தாங்காது என்றால் அதையும் மாற்ற வேண்டும், செயினும் நீளமாக வேண்டும். அடுத்தது முன் சக்கரங்கள் கிராங்கில் போல்ட்டால் மாட்டப்பட்டவையா, ரிவெட் அடிக்கப்பட்டவையா? மலிவான வண்டிகளில் ரிவெட்தான். அப்போது கிராங்கையே மாற்றுவது நல்லது. போல்ட் வகையிலும் எல்லாச் சிறிய சக்கரமும் எல்லாக் கிராங்கிலும் ஏறாது. போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 130 மில்லிமீட்டர் என்றால் 38 பல்லுக்குக் கீழே போட இயலாது. 104 என்றால் 32 பொருந்தும். மூன்றாவது, செயின் கழன்று விழாமலிருக்க முன்சக்கரத்துக்குத் தடுப்பு வளையம் உண்டா? ஒற்றைச் சக்கர அமைப்பில் இதை விட்டுவிட்டால் குலுங்கும் சாலையில் அவதிப்படுவீர்கள்.

நின்று கிளம்பும்போது வரும் வலிக்கு இந்த அமைப்பில் ஒரு நிபந்தனை உண்டு. செயினை நகர்த்தும் கியர்கள் பெடல் சுற்றும்போதுதான் மாறும். ஆகவே நிற்கப் போகிறீர்கள் என்று தெரிந்தவுடன், வண்டி உருளும்போதே இரண்டு மூன்று கியர் இலகுவாக்கிவிட்டு நிற்க வேண்டும். மறந்தால் அடுத்த முதல் மிதி முழுக்க மூட்டின் தலையில்தான் விழும்.

இது நினைவில் நிற்காது என்றாலோ, அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போகும் சாலை என்றாலோ ஹப் கியரை யோசியுங்கள். பல்சக்கரங்கள் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும். வண்டி நின்றிருக்கும்போதே கைப்பிடியைத் திருகி இலகுவாக்கிக்கொள்ளலாம். மூன்று கியர் ஹப்பை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஷிமானோ நெக்ஸஸ் மூன்றில் மிக இலகுவானது 0.733 மடங்கு, 38-க்கு 20 போட்டாலும் 1.39-க்குக் கீழே இறங்காது. அதே நிறுவனத்தின் எட்டு கியர் ஹப்பில் 0.527 மடங்கு வரை இறங்கும். 38-க்கு 20 என்று வைத்தால் சரியாக 1.0, நீங்கள் இப்போது சோதித்துப் பார்க்கும் அதே 28-க்கு 28. முன்பின் சக்கர விகிதத்தை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு வைத்திருப்பார். அதைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஹப் கியர் எடை கூடுதல், விலை கூடுதல், பின்டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றவும் நேரம் பிடிக்கும்.

உங்கள் கேள்வியில் மேடுதான் முதலில் வந்தது. அதனால் என் தேர்வு முன்னால் 32, பின்னால் 14 முதல் 34. ஹப் கியருக்காகப் புதுச் சக்கரம் கோர்க்கும் செலவு இப்போதைக்குத் தேவையில்லை.

கிராங்கையே மாற்ற நேர்ந்தால் 170-க்குப் பதில் 165 அல்லது 160 மில்லிமீட்டர் நீளத்தில் கேளுங்கள். பெடல் மேலே வரும்போது முழங்கால் மடங்கும் கோணம் குறையும். குறைந்த நீளத்தின் அளவுக்குச் சீட்டை உயர்த்திக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பிறகு மூட்டு வீங்கினாலோ, மடக்கி நீட்டும்போது சிக்கிக்கொண்டாலோ, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடி மருத்துவரைப் பாருங்கள்.