பினாங்கில் பெரிய வெள்ளி சிலுவைப் பாதை நடிப்பில் குடும்பமாகச் சேர்கிறோம். எப்படித் தயாராவது?

கேள்வியின் சாரம்: பங்குக் கோயில் வளாகத்தில், திறந்தவெளியில், காலையில் நடக்கும் சிலுவைப் பாதை நடிப்பில் (இயேசு சிலுவை சுமந்து சென்றதை 14 நிலைகளாக, அதாவது காட்சிகளாகக் காட்டுவது) அப்பா, அம்மா, 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பையன்கள், பாட்டி என ஐந்து பேரும் சேர ஆசைப்படுகிறார்கள். யாருக்கு எந்த வேடம்? எதைக் கவனிக்க வேண்டும்?

ஆளுக்கொரு வேடமாகத் தேடி அலைய வேண்டாம். விவிலியத்தில் மாற்கு நற்செய்தி 15:21-ஐ எடுத்துப் பாருங்கள். சிலுவை சுமக்க இழுக்கப்பட்ட சீமோனை அலக்சாந்தர், ரூபு ஆகியோரின் தந்தை என்றுதான் மாற்கு சொல்கிறார். வயல்வெளியிலிருந்து வந்தவர். அப்பா சீமோன், பையன்கள் அந்த இருவர். 5ஆம் நிலையில் சேவகர்கள் அப்பாவைப் பிடிக்கிறார்கள், பையன்கள் ஈட்டிக்கு இந்தப்புறம் நின்றுவிடுகிறார்கள். பிறகு கூட்டத்தோடு கூட்டமாக அப்பாவைப் பார்த்தபடியே நடந்து, 8ஆம் நிலையில் எருசலேம் பெண்கள் நடுவில் நிற்கும் அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும். "உங்களுக்காகவும் உங்கள் மக்களுக்காகவும் அழுங்கள்" என்று இயேசு சொல்வது அங்கேதான். அந்தச் சொல் விழும்போது அம்மாவின் கை சின்னவன் தலையில் இருந்தால் போதும், வேறு நடிப்பே தேவையில்லை. பாட்டியை முதலிலிருந்து நடக்க வைக்காதீர்கள். 8ஆம் நிலையில் நிழலில் ஒரு தாழ்ந்த முக்காலி போட்டு முன்னமே உட்கார வைத்துவிடுங்கள்.

சீமோன் வேடத்தில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. சிலுவையின் வால் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் இயேசுவாக நடிப்பவருக்கு ஒரு கிலோகூடக் குறையாது, ஏனென்றால் அவர்கள் தூக்குவது அதுவரை தரை தாங்கிய பங்கைத்தான். கணக்கைப் பாருங்கள். 3.6 மீட்டர் நெடுமரம், 2 மீட்டர் குறுக்குமரம், இரண்டும் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் மெராந்தி மரம் என்றால் சுமார் 34 கிலோ. குறுக்குமரம் மேல்பக்கம் இருப்பதால் எடையும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும், ஐந்தில் நான்கு பங்கு தோளில் இறங்கும். சீமோன் வாலை விட்டுவிட்டு, தோளிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் மரத்துக்கடியில் தன் தோளைக் கொடுத்தால்தான் பாதிக்குப் பாதி ஆகும். 6 மி.மீ. பிளைவுட்டில் உள்ளே வெறுமையாகப் பெட்டிபோலச் செய்தால் முழுச் சிலுவையே 12 கிலோவுக்குள் அடங்கும். நடந்து சுமப்பதற்கு அதுவே சரி. ஆளை ஏற்றுவதற்குத் தனியாக இன்னொரு கெட்டியான சிலுவையைப் புதைத்து வைக்க வேண்டும்.

7, 9 ஆகிய நிலைகளில் இயேசு விழும்போது சீமோன் மரத்தை விடவே கூடாது. விட்டால் அது பிடரியில் இறங்கும். விழுபவர் சிலுவை இல்லாத பக்கமாக, முழங்காலை முதலில் ஊன்றி விழ வேண்டும், அங்கிக்குள் முழங்கால் உறை போட்டிருக்க வேண்டும். ஒத்திகையில் இதை மட்டும் பத்துத் தடவையாவது செய்து பாருங்கள்.

அடுத்தது வெயில். பெரிய வெள்ளி மார்ச் 20-க்கும் ஏப்ரல் 23-க்கும் நடுவில்தான் வரும். ஏப்ரல் முதல் வாரத்தில் பினாங்கின் உச்சி வெயில் சரியாகத் தலைக்கு நேரே நிற்கும். நம் கடிகாரத்தில் அந்த உச்சி 12 மணிக்கு அல்ல, 1.20 வாக்கில். காலையில் ஏழுக்கு மேல்தான் சூரியன் எழுவதால் 8 மணிக்குத் தொடங்கி 9.30-க்குள் முடித்துவிடலாம். பிற்பகலுக்குத் தள்ளினால் தாரும் கொதிக்கும், இடிமழையும் வரும். வெறுங்காலோடு நடப்பவருக்குப் புல்தரைப் பாதையே நல்லது. அங்கிக்குப் பருத்தித் துணி எடுங்கள், பெரியவர் ஒருவருக்குச் சுமார் 4 மீட்டர். பாலியஸ்டர் பளபளக்கும், வியர்வையை வெளியே விடாது.

18 முதல் 59 வயது வரை அன்று நோன்பு உண்டு, ஆனால் தண்ணீர் குடிப்பது நோன்பை முறிக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து சீமோனுக்கும் இயேசுவுக்கும் 4ஆம் நிலைக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை. அதனால் வேலைக்கு விடுப்பும் வகுப்பாசிரியருக்குக் கடிதமும் தவக்காலத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

இரத்தத்துக்குச் சீனிப்பாகு வேண்டாம், 3ஆம் நிலைக்குள் எறும்பும் ஈயும் மொய்க்கும். ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் காய்ச்சி ஆறவைத்து, சிவப்பு உணவுச் சாயம் 2 தேக்கரண்டி, இனிப்பில்லாத கொக்கோத் தூள் 1 தேக்கரண்டி கலந்தால் காய்ந்த இரத்தத்தின் கறுஞ்சிவப்பு வரும். கறைபட்ட துணியை உடனே குளிர்ந்த நீரில் அலசுங்கள். முள்முடியை ரோத்தானில் (பிரம்பில்) பின்னி, நெற்றி படும் பக்கம் முள்ளே இல்லாமல் துணிப்பட்டை தைக்க வேண்டும். காகிதப்பூ முள் வேண்டவே வேண்டாம், வியர்வையில் முள்முடி வழுக்கி இறங்கினால் கண்ணருகில் கிழிக்கும்.

கூட்டமாக நிற்பவர்களின் கழுத்தையும் கையையும் கடைசியாக ஒருமுறை பாருங்கள். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லோருக்கும் ஞாபகம் வரும், செபமாலைதான் மறந்துபோகும். இயேசு இறக்கும் முன்பே சிலுவை தொங்கும் மாலை கழுத்தில் கிடக்கும். அதேபோல், பழக்கத்தில் கை தானாகச் சிலுவை அடையாளம் போட்டுவிடும். "சிலுவையில் அறையும்" என்று கத்தும் கூட்டத்தை யூத இனத்தின் கேலிச்சித்திரமாகவும் ஆக்காதீர்கள். இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றிருந்த யூதர் எல்லோர் மீதும் இன்றைய யூதர் மீதும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே சொல்லிவிட்டது. குருத்து ஞாயிறன்று ஓசன்னா பாடி இயேசுவை வரவேற்ற அதே முகங்கள், அதே உடையில் கத்தட்டும். நெஞ்சில் தைக்கும்.

7 வயதுப் பையனை நேராக அன்றைக்குக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். ஒத்திகையில் இரத்தச் சாயம் பூசும்போது அவனையே ஒரு விரல் பூசச் சொல்லுங்கள், துணிச்சாட்டையைத் தன் கையில் அடித்துப் பார்க்கட்டும். அப்படியிருந்தும் அன்று அழுதால் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நகர்ந்துவிடலாம், காட்சி கெடாது. அடக்கக் காட்சி முடிந்ததும் இயேசுவாக நடித்தவர் முகம் கழுவி, சட்டை மாற்றி, மூன்று மணி வழிபாட்டுக்கு முன் அவனிடம் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச வேண்டும். இதை அவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.