மர்ட்டிலை மறந்துவிட்டீர்கள்

கேள்வி: 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலைப் படித்து முடித்தேன். டெய்சியைப் போல ஒரு கேவலமான பெண்ணை எந்த நாவலிலும் நான் சந்தித்ததில்லை. ஐந்து வருடம் தன்னையே நினைத்துக்கொண்டிருந்தவனை, தனக்காகவே மாளிகை வாங்கியவனைக் கைவிட்டாள். தான் செய்த விபத்தின் பழியை அவன் மேல் போட்டு அவனைக் கொன்றாள். அவன் இறுதிச் சடங்குக்கு ஒரு பூகூட அனுப்பவில்லை. காதலை விட்டுவிட்டுப் பணத்தைப் பிடித்துக்கொண்ட இப்படி ஒருத்தியின் கதையை நூறு வருடமாக ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோபம் புரிகிறது. ஆனால் டெய்சி ஓட்டிய காரில் அடிபட்டுச் செத்தவளின் பெயர் அதில் ஓர் இடத்தில்கூட இல்லை. 'தான் செய்த விபத்து' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். செத்தவள் பெயர் மர்ட்டில் வில்சன். சாம்பல் மேட்டுப் பக்கம் ஒரு கார் ஷெட்டுக்கு மேலே குடியிருந்தவள். டெய்சியின் கணவன் டாமுக்கு ஆசைநாயகி. டெய்சி மேல் சுமத்த எனக்கும் ஒரு குற்றம் உண்டு. அது கேட்ஸ்பிக்குச் செய்தது இல்லை, இவளுக்குச் செய்தது.

முதலில் காதல் விஷயம். டெய்சி கேட்ஸ்பியை முதலில் சந்தித்தது 1917இல், லூயிவில் நகரத்தில். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. கையில் காசில்லாத அந்த ராணுவ அதிகாரி, தானும் அவளைப் போலப் பெரிய இடத்துப் பிள்ளைதான் என்று அவளை நம்பவிட்டுப் பழகினான். இது அவனே பின்னால் ஒப்புக்கொள்வது. அவன் போருக்குப் போனான். 1919 ஜூனில் அவள் டாம் புக்கானனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் டாம் அவளுக்குக் கொடுத்த முத்து மாலையின் விலை மூன்றரை லட்சம் டாலர். அன்று ராத்திரி அவள் ஒரு கையில் ஒயின் பாட்டிலும் இன்னொரு கையில் ஒரு கடிதமுமாகப் படுக்கையில் கிடக்கிறாள். அந்த மாலையைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, யாருடையதோ அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், டெய்சி மனசு மாறிவிட்டாள் என்று சொல்லுங்கள் என்கிறாள். தோழி ஜார்டனும் வேலைக்காரியும் அவளைக் குளிர்ந்த தண்ணீரில் உட்கார வைக்கிறார்கள். கையில் இருந்த கடிதம் ஊறிக் கரைந்து போகிறது. அரை மணி நேரத்தில் மாலை கழுத்துக்குத் திரும்பிவிட்டது. மறுநாள் கல்யாணம்.

பணத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று நீங்கள் எழுதியதில் பாதி உண்மை இங்கே இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அந்த ராத்திரி மனசு மாறிவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னவளும் அவள்தான். அதைக் காதில் போட்டுக்கொள்ள வீட்டில் ஒருத்தரும் இல்லை.

பிளாசா ஹோட்டல் காட்சியைத் தயவுசெய்து இன்னொரு தடவை படியுங்கள். 1922ஆம் வருடம், கொளுத்தும் வெயில், ஐந்து பேர் ஓர் அறையில். கேட்ஸ்பி அவளிடம் கேட்பது என்ன? என்னோடு வா என்றல்ல. டாமை நான் எந்தக் காலத்திலும் காதலித்ததே இல்லை என்று டாமின் முகத்துக்கு நேரே சொல் என்கிறான். ஐந்து வருடத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு, லூயிவில்லில் அவள் வீட்டிலிருந்தே அவளைக் கல்யாணம் செய்துகொண்டு வர வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த ஐந்து வருடத்தில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அன்று மத்தியானம் அந்தக் குழந்தையை முதல் தடவை பார்க்கும்போது கேட்ஸ்பியின் முகத்தில் திகைப்பு. இப்படி ஒரு குழந்தை நிஜமாகவே இருக்கிறது என்று அவன் அதுவரை நம்பவே இல்லை போலிருக்கிறது என்று கதை சொல்லும் நிக் எழுதுகிறான். நாவலில் என்னை மிகவும் உலுக்கிய இடம் அதுதான். குழந்தை இருப்பது அவனுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தும் அது அவன் கணக்கில் சேரவே இல்லை.

டெய்சி முதலில் அவன் கேட்டபடி சொல்லப் பார்க்கிறாள். டாம் தேனிலவில் நடந்ததைச் சொல்கிறான். செருப்பு நனையக் கூடாதென்று அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிய நாளை ஞாபகப்படுத்துகிறான். அவள் உடைந்துபோகிறாள். இப்போது உங்களைத்தான் காதலிக்கிறேன், அது போதாதா, நடந்து முடிந்ததை நான் என்ன செய்ய முடியும், ஒரு காலத்தில் அவரையும் காதலித்தேன், உங்களையும் காதலித்தேன் என்கிறாள். அந்த அறையில் அன்றைக்குத் தன் மனதில் இருந்ததை அப்படியே சொன்னவள் அவள் ஒருத்திதான். கேட்ஸ்பிக்கு அந்த 'உங்களையும்' என்ற சொல் தாங்கவில்லை. உங்களுக்கும் தாங்கவில்லை. ஒருத்தி தன் வாழ்க்கையில் நிஜமாக நடந்ததை இல்லையென்று சொல்ல மறுத்தால் அதற்குப் பெயர் துரோகமா?

அப்புறம் அந்த விபத்து. காரை ஓட்டியது டெய்சி, பக்கத்தில் கேட்ஸ்பி. மர்ட்டில் அன்று சாயங்காலம் மாடி அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தாள். பூட்டியவன் அவள் கணவன் ஜார்ஜ் வில்சன். சில மணி நேரம் முன்னால் கேட்ஸ்பியின் அதே மஞ்சள் காரை டாம் ஓட்டி வந்து பெட்ரோல் போட்டதை அவள் மேலிருந்து பார்த்திருந்தாள். அந்தக் கார் திரும்பி வந்ததும் டாம்தான் வருகிறான் என்று நினைத்துக் கையை வீசிக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடி வந்தாள். கார் நிற்கவில்லை.

காருக்குள் என்ன நடந்தது என்பதை டெய்சி வாயால் நாம் கேட்பதே இல்லை. தெரிவதெல்லாம் கேட்ஸ்பி நிக்கிடம் சொன்னதுதான். அந்த ராத்திரி டெய்சி வீட்டுத் தோட்டத்தில் ஒளிந்து நின்றுகொண்டு, அந்தப் பெண் செத்துவிட்டாளா என்று கேட்கிறான். ஆமாம் என்றதும், நானும் அப்படித்தான் நினைத்தேன், டெய்சியிடமும் சொன்னேன், அவள் நன்றாகத் தாங்கிக்கொண்டாள் என்கிறான். செத்தவள் யார் என்று கேட்கக்கூட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. டெய்சிக்கு என்ன ஆகுமோ என்பதுதான் அவனுக்கு. நீங்கள் கண்ணீர் விடும் கேட்ஸ்பி இவன்தான். நானும் அவனுக்காகக் கண்ணீர் விட்டவன், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

'அவனைக் கொன்றாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. சுட்டவன் வில்சன். அந்தக் கார் யாருடையது என்று வில்சனுக்குச் சொல்லி அனுப்பியவன் டாம், அதை அவனே பின்னால் நிக்கிடம் ஒத்துக்கொள்கிறான். உங்கள் கடிதத்தில் டாமுக்கு ஒரு வரிகூட இல்லை. மர்ட்டிலின் மூக்கை உடைத்தவன் அவன். டெய்சியின் விரல் கன்றிப்போனதும் அவனால்தான். கார் ஓட்டியது யாரென்று தெரிந்தும் வாய் திறக்காத நிக் பற்றியும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கடைசியில் டாமோடு கையும் குலுக்குகிறான். தன்னைப் போல நேர்மையானவர்கள் சிலரைத்தான் பார்த்திருக்கிறேன் என்று எழுதுகிறவன் அவன். நாம் டெய்சியைப் பார்ப்பது முழுக்க அவன் கண்ணால்.

சரி, டெய்சியின் குற்றம் எது? மர்ட்டிலை அடித்துவிட்டு நிறுத்தாமல் போனது. அதைவிட, அதற்குப் பிறகு வாயே திறக்காதது. அந்தப் பெண்ணை நாய் மாதிரி ஏற்றிவிட்டு நிறுத்தாமல் போனான் கேட்ஸ்பி என்று டாம் கடைசியில் பொரிந்து தள்ளுகிறான். அவன் பேச்சைப் பார்த்தால் டெய்சி கணவனிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அன்று ராத்திரி சமையலறையில் ஆறிப்போன வறுத்த கோழியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருக்கிறார்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அங்கே. பூ அனுப்பாததை நீங்கள் எழுதினீர்கள். நான் இதைத்தான் எழுதுவேன். இதற்கு அவளுக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

நூறு வருடமாகக் கொண்டாடுகிறார்கள் என்பதும் சரியில்லை. 1925 ஏப்ரலில் வெளிவந்தபோது புத்தகம் எதிர்பார்த்த அளவு போகவில்லை. நாவலை எழுதிய ஃபிட்ஸ்ஜெரால்ட் 1940இல் இறந்தபோது இரண்டாம் பதிப்புப் பிரதிகள் இன்னும் தேங்கிக் கிடந்தன. இரண்டாம் உலகப் போரில் ராணுவ வீரர்களுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் இலவசமாகப் போனதும் அதன் மறுவாழ்வுக்கு ஒரு காரணம். மறுபடி சந்தித்ததிலிருந்து விபத்து வரை கேட்ஸ்பிக்கும் டெய்சிக்கும் இடையே மனதளவில் என்ன இருந்தது என்பதை நான் எழுதவே இல்லை, எனக்கே அது தெரியாது என்று வெளிவந்த வருடமே நண்பர் எட்மண்ட் வில்சனுக்கு அவர் கடிதம் எழுதினார். எழுதியவரே விட்டுவிட்ட அந்த இடத்தில் ஒவ்வொரு வாசகரும் தன் தீர்ப்பைக் கொண்டுவந்து வைக்கிறார். பிடிக்காத ஒருத்தியைப் பற்றி இவ்வளவு காலம் சண்டை நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டெய்சியை உங்களுக்குப் பிடிக்க வேண்டியதில்லை. எனக்கும் பிடிக்காது. ஏழாவது அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை எடுத்து, இந்த முறை அந்தப் பூட்டிய மாடி அறையிலிருந்து படித்துப் பாருங்கள். அப்புறம் எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.