அமுக்கரா வேர் பருக்க எந்த டானிக்?

கேள்வி: தாராபுரம் பக்கம் ஒரு ஏக்கர் செம்மண்ணில் கார்த்திகையில் அமுக்கரா (அஸ்வகந்தா) விதைத்தேன். நூறு நாள் ஆகிறது. சொட்டுநீரில் இருமுறை யூரியா விட்டதில் செடி இடுப்பளவு தழைத்து நிற்கிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பென்சில் கனம்கூட இல்லை, சல்லிவேர்தான் அதிகம். விதை தந்த வியாபாரி வேர் பருக்க ஒரு டானிக் தெளிக்கச் சொல்கிறார். ‘வேர் தேறாவிட்டாலும் தூக்க மாத்திரைக்கு இலையை எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறார். தெளிக்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல சாக்கு வாங்கி வையுங்கள். காய்ந்த வேரைக் கட்டிவைக்க உதவும். யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள், தண்ணீரையும் குறையுங்கள். மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கம் இதை மானாவாரியில்தான் பெரும்பாலும் விளைவிக்கிறார்கள். செல்லம் கொடுத்தால் இலைக்குப் போய்விடும் செடி இது. போன நூறு நாள் திரும்பாது; இந்த முறை வேர் சுமாராகத்தான் வரும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அந்த ஆளுக்கு இலை எதற்கு?

செடியின் தாவரவியல் பெயரிலேயே ‘சோம்னிஃபெரா’ இருக்கிறது. லத்தீனில் ‘தூக்கம் தருவது’. 2017இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தினர் எலிகளில் சோதித்தபோது, தூங்கவைத்தது இலையிலிருந்த டிரைஎத்திலீன் கிளைகால் என்ற வேதிப்பொருள்தான். இந்தச் செடியின் முக்கிய மருந்துச் சத்தான வித்தனோலைடு மிகுந்த சாறு தூங்கவைக்கவில்லை. வியாபாரி இதைக் காதில் வாங்கியிருக்கலாம். ஆனால் அது எலி. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை வேர்ச்சாற்றில் நடந்தவை. ஆறு, எட்டு வாரம் சாப்பிட்டவர்களுக்குத் தூக்கம் ஓரளவு சீரானது, அவ்வளவுதான். சித்த மருத்துவத்தின் அமுக்கராச் சூரணத்திலும் சேர்வது கிழங்கு, அதாவது வேர்தான்.

பிறகு ஏன் இலை கேட்கிறார்கள்? சாறு எடுக்கும் ஆலைகள் வித்தனோலைடு சதவீதம் பார்த்து விலை போடுகின்றன. இலையில் விதஃபெரின்-ஏ என்ற வித்தனோலைடு அதிகம். வேரோடு இலையைக் கலந்தால் மலிவாகச் சதவீதம் ஏறும். அதே விதஃபெரின் உயிரணுக்களைக் கொல்லக்கூடியது. 2021இல் ஆயுஷ் அமைச்சகமே இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. தூக்கம் வராமல் தவிக்கிற ஒருவர் வேர் என்று நம்பி விழுங்குகிற மாத்திரையில் உங்கள் யூரியா இலை போய்ச் சேர வேண்டுமா? இலை வாங்குகிறவனுக்கு வேரையும் விற்காதீர்கள் என்பது என் பிடிவாதம். இதற்காக என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு, பரவாயில்லை.

விதையை விற்று, டானிக்கை விற்று, விளைச்சலையும் ‘நானே வாங்குகிறேன்’ என்பவரிடம், எந்தத் தரத்துக்கு என்ன விலை என்று எழுதிக் கேளுங்கள். ஏழு சென்டிமீட்டர் நீளம், ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் கனம், ஒடித்தால் படக்கென்று முறிந்து உள்ளே வெண்மை: இதுதான் முதல் தரம். எழுதித் தரத் தயங்கினால் வேறு ஆள் பாருங்கள்.

இலையைச் செடியிலேயே விடுங்கள். கீழ் இலைகள் காய்ந்து, பழம் சிவந்ததும் பிடுங்கலாம். பொதுவாக 150 முதல் 180 நாள். பழம் சிவந்த பிறகு கோடை மழை மேகம் கூடினால் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆள் விட்டுப் பிடுங்கிவிடுங்கள்.