பாலையில் ஓடும் ஜெனரேட்டர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் முப்பதடி நீள ஆர்.வி. வண்டி (படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டி) ஒன்று வாங்கினோம். டிசம்பரில் கலிபோர்னியாவில் பத்து நாள், எட்டு இடங்கள். எனக்குப் பாலைவனம், மனைவிக்கு மலை. ஊரிலிருந்து அப்பாவும் வந்திருக்கிறார், வயது 74. எங்கே மின் இணைப்பு இருக்கிறது, எங்கே சிக்னல் கிடைக்கும் என்று தேடியே அலுத்துவிட்டேன். உங்களுக்குப் பிடித்த கேம்ப்கிரவுண்ட், அதாவது வண்டியோடு தங்கும் முகாம், எது?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

பத்து நாளில் எட்டு இடமா? உங்கள் அப்பா பார்க்கப்போவது நெடுஞ்சாலையை மட்டும்தான். மூன்றாகக் குறையுங்கள். சிக்னலைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

மலையா பாலையா என்ற சண்டையும் வேண்டாம். கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் இரண்டும் உண்டு. கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கும் பேட்வாட்டரில் நின்று நிமிர்ந்தால் 11,049 அடி டெலஸ்கோப் சிகரம் தெரியும், குளிர்காலத்தில் பனியோடு. 4,100 அடி உயரத்தில் வைல்ட்ரோஸ் முகாமும் இருக்கிறது. ஆனால் அங்கே போகும் எமிகிரன்ட் கேன்யன் சாலையில் 25 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள். வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மின் இணைப்புதான். கொஞ்ச நாளாகவே அதைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல வருடங்களுக்கு முன், இதே டிசம்பரில், அம்மாவை டெத் வேலிக்கு அழைத்துப் போனேன். ஃபர்னஸ் கிரீக் பக்கத்தில் சன்செட் என்ற முகாம். சரளைக்கல் பரப்பிய பெரிய வண்டி நிறுத்தம் மாதிரி இருக்கும், இருநூறு வண்டிகளுக்கு மேல் நிற்கலாம். நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. அங்கே மின் இணைப்பு கிடையாது; இரவு ஏழு வரை ஜெனரேட்டர் ஓட்டலாம் என்பது விதி. பக்கத்து வண்டிக்காரர் உள்ளே டிவி பார்ப்பதற்காக ஏழு வரைக்கும் ஓட்டினார். அம்மா மடக்கு நாற்காலியில் காதை முந்தானையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழு மணிக்கு ஒவ்வொன்றாக நின்றது. கடைசி ஜெனரேட்டரும் நின்றபோது காதுக்குள் அடைப்பு விட்டதுபோல இருந்தது. அம்மா முந்தானையை எடுத்தாள். வெகுதூரத்தில் ஒரு கயோட்டி ஊளையிட்டது. "நரியா?" என்றாள். அந்த ஜாதிதான் என்றேன். "கரண்ட் வர்றதுக்கு முன்னாடி ராத்திரின்னா இப்படித்தாண்டா இருக்கும்" என்றாள். அதற்கப்புறம் பேசவே இல்லை. குளிரில் மூக்கு சிவந்துபோயும் உள்ளே வர மறுத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே பக்கத்தில் இருக்கும் டெக்சஸ் ஸ்பிரிங் முகாமுக்கு மாறிவிட்டோம். கொஞ்சம் மேட்டில், குன்றுகளை ஒட்டிய இடம். அங்கே ஜெனரேட்டருக்கே அனுமதி இல்லை. மூன்று இரவுகள் தங்கினோம். நீங்கள் கேட்ட "பிடித்த இடம்" அதுதான்.

ஜெனரேட்டர் இல்லாமல் எப்படி என்பீர்கள். டிசம்பரில் ஏ.சி. எதற்கு? பல வண்டிகளில் ஃபிரிட்ஜ், அடுப்பு, ஹீட்டர் எல்லாம் புரொப்பேன் வாயுவில் ஓடும். ஹீட்டரின் விசிறிதான் பேட்டரியைத் தின்னும். அதனால் இரவு முழுக்க ஓடவிடாமல் ஆளுக்கு இரண்டு கம்பளி கொடுங்கள். பகலில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, கூரையில் சோலார் தகடு இருந்தால் பேட்டரி நிறைந்துவிடும். மைக்ரோவேவ் நாலு நாள் சும்மா கிடக்கட்டும். 2013இல் டெத் வேலிக்குச் சர்வதேச இருண்டவானப் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்த வானத்தின் கீழே வாசல் விளக்கை விடியவிடிய எரியவிடுவது அநியாயம், கார்த்திக். பக்கத்தில் இருப்பவர்களின் இருட்டையும் சேர்த்து நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

ஒன்று மட்டும் விலக்கு. அப்பா தூங்கும்போது சுவாசக் கருவி ஏதாவது பயன்படுத்துகிறார் என்றால் நான் சொன்ன எதையும் கேட்காதீர்கள். ஃபர்னஸ் கிரீக் முகாமில் மின் இணைப்புள்ள இடங்கள் 18 உண்டு. முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

இல்லையென்றால் பௌர்ணமியை ஒட்டாத நாட்களாகப் பாருங்கள். இரவு நாலைந்து டிகிரி வரை இறங்கும், அப்பாவுக்குக் காதை மூடும் குல்லாய் வாங்கிவையுங்கள். ஆறு மணிக்கு நாற்காலியை வண்டியின் கிழக்குப் பக்கம் போட்டு, பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்து அவரை உட்கார வையுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். போன் உள்ளேயே இருக்கட்டும்.