அரைவேக்காட்டு கேமுக்குக் கொடுத்த காசு திரும்புமா?

எர்லி ஆக்சஸ் கேம்களைப் பற்றி, அதாவது செய்து முடிக்கும் முன்பே விற்கப்படும் கேம்களைப் பற்றி, வந்து குவிந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: வாங்கினேன், பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், காசு திரும்புமா? ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி, பெயர்களை எடுத்துவிட்டு, இங்கே பதில் சொல்கிறேன். சில பதில்கள் உங்களுக்குப் பிடிக்காது.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2 என்ற விண்வெளி கேமை அது வெளிவந்த வாரமே வாங்கினேன். 60 மணி நேரத்துக்கு மேல் ஆடியாயிற்று. காலனி கட்டலாம், வேறு நட்சத்திரத்துக்குப் போகலாம், நண்பர்களோடு ஆடலாம் என்றார்கள். எதுவும் வரவில்லை. இப்போது ரீஃபண்ட் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்பதற்குச் செலவில்லை. ஆனால் கிடைக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் பொது விதி 14 நாள், 2 மணி நேரம்: வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். 60 மணி நேரம் ஆடியவருக்கு அவர்கள் மனமிரங்குவது அபூர்வம்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. 2019-இல் அறிவித்தார்கள், 2020-இல் வரும் என்றார்கள், நடுவில் ஸ்டூடியோவே மாறியது, கடைசியில் 2023 பிப்ரவரி 24 அன்று எர்லி ஆக்சஸில் இறக்கினார்கள், அதுவும் 49.99 டாலருக்கு. பாதி வெந்த சோற்றுக்கு முழுச் சாப்பாட்டு விலை. அந்த ஆண்டு டிசம்பரில் அறிவியல் அப்டேட் வந்ததும் எல்லாருக்கும் கொஞ்சம் உயிர் வந்தது, நானும்கூட 'சரி, தேறிவிடும்' என்றுதான் நினைத்தேன். சில மாதங்களிலேயே அந்த ஸ்டூடியோ இருந்த சியாட்டிலில் சுமார் 70 பேருக்கு வேலை போகிறது என்ற அறிவிப்பு வந்தது. 2024 ஜூனோடு அப்டேட்டும் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் தாய் நிறுவனமான டேக்-டூ, இந்த கேமை வெளியிட்ட பிரைவேட் டிவிஷனையே விற்றுவிட்டது. கேம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலக் கடையில் தொடர்ந்து விற்பனையில் இருந்தது.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், முதல் பாகமும் இப்படி அரைகுறையாகத்தான் 2011-இலிருந்து விற்றது, ஆனால் 2015-இல் ஒழுங்காக 1.0, அதாவது முழு வெளியீடு, ஆனது. அந்தப் பெயரை நம்பித்தான் பலர் இரண்டாம் பாகத்துக்குக் காசு கொடுத்தார்கள். முதல் பாகத்தைச் செய்தது மெக்சிகோவின் ஸ்க்வாட், இரண்டாவதைச் செய்தது வேறு ஸ்டூடியோ. பலகை அதேதான், சமையல்காரர் வேறு.

அப்புறம், ஒவ்வொரு எர்லி ஆக்சஸ் கேமின் பக்கத்திலும் ஒரு நீலப் பெட்டி இருக்கும், யாரும் படிப்பதில்லை. இந்த கேம் முழுமையானதல்ல, இனி மாறலாம், மாறாமலும் போகலாம், இப்போது இருக்கிற நிலையில் ஆட ஆசை இல்லையென்றால் பொறுத்திருங்கள் என்பதுதான் அதன் சாரம். நீங்கள் எவ்வளவு சண்டை போட்டாலும் எதிர்த்தரப்பு அந்தப் பெட்டியைத்தான் காட்டும். இனி என்னென்ன வரும் என்று அழகாக வரைந்த ரோட்மேப் படம் ஒப்பந்தம் ஆகாது.

தள்ளுபடியில் ஒரு எர்லி ஆக்சஸ் கேமை வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மொத்தமாக 40 நிமிடம்தான் ஆடியிருப்பேன். 14 நாள் எப்போதோ முடிந்துவிட்டது. விட்டுவிட வேண்டியதுதானா?

விடாதீர்கள்! பலருக்குத் தெரியாத விஷயம் இது. வெளியீட்டுத் தேதிக்கு முன்பு வாங்கிய கேம்களுக்கு ஸ்டீம் தனி விதி வைத்திருக்கிறது: ஆடும் 2 மணி நேரக் கணக்கு உடனே ஓட ஆரம்பிக்கும், ஆனால் 14 நாள் கணக்கு கேம் முழுதாக வெளியான பிறகுதான் ஆரம்பிக்கும். எர்லி ஆக்சஸில் இருப்பதையும் அந்த விதியிலேயே உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கேம் இன்னும் 1.0 ஆகவில்லை என்றால், வாசகப்படி உங்கள் 14 நாள் இன்னும் தொடங்கவே இல்லை. இன்றைக்கே விண்ணப்பியுங்கள், காரணத்தில் 'எர்லி ஆக்சஸ், 2 மணி நேரத்துக்குக் குறைவு' என்று ஒரு வரி போடுங்கள். தானியங்கிப் பதில் மறுத்தால் இன்னொரு முறை அனுப்புங்கள்.

ஒரே எச்சரிக்கை: இன்னும் கொஞ்சம் ஆடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்று கேமைத் திறக்காதீர்கள். உங்கள் கையில் இருப்பதே அந்த மிச்சம் 80 நிமிடம்தான்.

எனக்கு 3 மணி 20 நிமிடம் ஆகிவிட்டது. ஆனால் அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேம் திறக்காமல் கறுப்புத் திரைதான். என்ன எழுதினால் கொடுப்பார்கள்?

மந்திர வாக்கியம் எதுவும் கிடையாது. ஆனால் விதிக்கு வெளியே இருந்தாலும் விண்ணப்பம் போடலாம், பார்ப்போம் என்று ஸ்டீமே சொல்கிறது. கறுப்புத் திரை, லாஞ்சர், சர்வருக்காகக் காத்திருந்தது எல்லாமே ஆடிய நேரமாகத்தான் பதிவாகும், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாலே வரி போதும்: எந்தத் தேதியில் வாங்கினேன், என்ன கோளாறு, அதைச் சரிசெய்ய என்னவெல்லாம் செய்து பார்த்தேன், உண்மையில் எவ்வளவு நேரம் ஆட முடிந்தது. திட்ட வேண்டாம். டெவலப்பரின் வம்ச வரலாறும் வேண்டாம். எனக்கு வந்த ஒரு கடிதத்தில் ஒருவர் தான் அனுப்பிய ரீஃபண்ட் விண்ணப்பத்தைக் காட்டியிருந்தார், ஒன்றரைப் பக்கம், அதில் கடைசிப் பத்தியில்தான் கேம் திறக்கவில்லை என்ற செய்தியே இருந்தது.

நேரக் கணக்கில் நானும் கோட்டை விட்டிருக்கிறேன். ஒரு கேமை மெனுவில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய், அப்படியே தூங்கி, காலையில் பார்த்தால் 9 மணி நேரம் ஆடியதாகக் காட்டுகிறது. கேட்க வாய் வரவில்லை.

வேறொரு தளத்தில் பாதி விலைக்கு கீ (கேமைத் திறக்கும் குறியீடு) வாங்கி ஸ்டீமில் போட்டேன். ஸ்டீமிடம் ரீஃபண்ட் கேட்கலாமா?

முடியாது. ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் பொறுப்பேற்காது, விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். கீயைப் பயன்படுத்திவிட்டால் அவரும் பெரும்பாலும் கையை விரிப்பார். பாதி விலையில் மிச்சமானது உங்கள் ரீஃபண்ட் உரிமையின் விலைதான்.

பேங்கில் சொல்லி, கார்டு வழியாகப் பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம் என்கிறான் நண்பன். சரியா?

நண்பனிடம் ஸ்டீம் கணக்கில் எத்தனை கேம் இருக்கிறது என்று கேளுங்கள். பணம் செலுத்தியதை பேங்க் வழியாக மறுத்தால் ஸ்டீம் உங்கள் கணக்கைக் கட்டுப்படுத்திவிடும், தகராறு தீரும்வரை வாங்கவோ விற்கவோ முடியாது. ஒரு கேமின் காசுக்காக மொத்த அலமாரியையும் பணயம் வைக்கிற வேலை. யாரோ உங்கள் கார்டைத் திருடிப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் அந்த வழி. கேம் பிடிக்கவில்லை, டெவலப்பர் ஓடிவிட்டார் என்பதற்கெல்லாம் வேண்டாம்.

நான் வாங்கிய கேமுக்கு ஒரு வருடமாக ஒன்றுமே வரவில்லை, திடீரென்று ஒரு நாள் '1.0 வெளியானது' என்று போட்டுவிட்டார்கள். உள்ளே பார்த்தால் பழைய கேமேதான். இது ஏமாற்று இல்லையா?

இதற்கு முன்னோடி இருக்கிறது. டபுள் ஃபைன் என்ற பெயர்பெற்ற ஸ்டூடியோ 2013 அக்டோபரில் ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9 என்ற விண்வெளி நிலைய கேமை எர்லி ஆக்சஸில் விட்டது, அடுத்த ஆண்டு அக்டோபரிலேயே, திட்டத்தில் சொன்ன பலவும் இல்லாமல், 1.0 என்று முத்திரை குத்தி முடித்துக்கொண்டது. விற்பனையில் வந்த பணம் செலவுக்குப் போதவில்லை என்பதுதான் காரணம். ரசிகர்கள் கொதித்தார்கள். ஸ்டூடியோ செய்த ஒரு ஆறுதல் காரியம், லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய கேமின் கோடைத் திறந்துவிட்டது, வேண்டியவர்கள் மேற்கொண்டு செய்துகொள்ளட்டும் என்று.

ஏமாற்றா என்றால், சட்டப்படி நிரூபிப்பது கடினம். முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை செய்தவரிடம்தான் இருக்கிறது. ஆனால் முறையில் மோசம் என்று தாராளமாகச் சொல்லலாம், ஏனென்றால் 1.0 என்ற முத்திரை விழுந்ததும் அந்த நீலப் பெட்டி மறைந்துவிடும், புதிதாக வருகிறவருக்கு எச்சரிக்கை இருக்காது. நீங்கள் செய்யக்கூடியது ரிவ்யூ எழுதுவது. இன்ன தேதியில் இதைச் சொன்னார்கள், இன்று இது இல்லை என்று வரிசையாக எழுதுங்கள். கெட்ட வார்த்தை எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள், பட்டியல் எழுதினால் படிப்பார்கள். ரீஃபண்ட் வாங்கிய பிறகும் ரிவ்யூ நிற்கும், பொருளைத் திருப்பிக் கொடுத்தவர் என்ற குறிப்போடு.

கைவிட்ட கேமையும் மெதுவாகச் செய்கிற கேமையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ப்ராஜெக்ட் சோம்பாய்டு பத்து வருடத்துக்கு மேலாக எர்லி ஆக்சஸிலேயே கிடக்கிறதே?

நல்ல கேள்வி, இதற்குத்தான் பலர் தவறான பதிலை வைத்திருக்கிறார்கள். வருடக் கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ப்ராஜெக்ட் சோம்பாய்டு 2013 நவம்பரில் ஸ்டீமுக்கு வந்தது, எர்லி ஆக்சஸ் என்ற பலகை இன்னும் மாறவில்லை, ஆனால் கேம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 7 டேஸ் டு டை 2013 டிசம்பரில் வந்து 2024-இல்தான் 1.0 ஆனது. எதிர்ப்பக்கம் பாருங்கள், பால்டர்ஸ் கேட் 3 மூன்று வருடத்துக்குள் எர்லி ஆக்சஸை முடித்துவிட்டது, ஆனால் பின்னால் லேரியன் மாதிரி பெரிய ஸ்டூடியோவும் பணமும் இருந்தன.

நான் பார்ப்பது வேறு. ஸ்டீம்டிபி தளத்தில் கேமின் பெயரைப் போட்டால் கடைசியாக எப்போது புதிய கோப்பு ஏற்றினார்கள் என்று தெரியும். அறிவிப்புகள் பொய் சொல்லும், கோப்பு பொய் சொல்லாது. பொதுவில் அப்டேட் வராமல் உள்ளே சோதனைக் கிளைகளில், அதாவது டெவலப்பர் சோதித்துப் பார்க்கும் தனிப் பதிப்புகளில், மட்டும் அசைவு இருந்தால் யாரோ வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டிலும் அசைவு இல்லை, ஆனால் 'பெரிய அப்டேட் வருகிறது' என்று மூன்று மாதத்துக்கு ஒரு பதிவு மட்டும் வருகிறது என்றால் கிளம்ப வேண்டிய நேரம். 2025 தொடக்கத்திலிருந்து ஸ்டீமே, ஒரு வருடத்துக்கு மேல் அப்டேட் இல்லாத எர்லி ஆக்சஸ் கேம்களில், கடைசி அப்டேட் வந்து இத்தனை மாதம் ஆயிற்று, டெவலப்பர் இங்கே சொன்னது இனி பொருந்தாமல் போகலாம் என்று எச்சரிக்கை காட்டுகிறது. எர்லி ஆக்சஸ் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்த புத்தி, இருந்தாலும் வரவேற்கிறேன்.

இன்னொன்று, டெவலப்பரின் இரண்டாவது கேம். முதல் கேம் முடியாமல் கிடக்கும்போது அடுத்ததை எர்லி ஆக்சஸில் விற்க ஆரம்பித்தால் நான் அவரிடம் எதையும் வாங்கமாட்டேன்.

ஸ்டீம் தானாக எல்லாருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்ததே கிடையாதா? கோர்ட்டுக்குப் போகலாமா?

கொடுத்திருக்கிறது. 2014-இல் எர்த்: இயர் 2066 என்ற கேமைக் கடையிலிருந்து தூக்கிவிட்டு ரீஃபண்ட் கொடுத்தார்கள், அப்போது இன்றைய ரீஃபண்ட் விதியே கிடையாது, அது 2015 ஜூனில்தான் வந்தது. பெரிய கதை த டே பிஃபோர். 2023 டிசம்பர் 7 அன்று எர்லி ஆக்சஸில் வந்தது, நாலே நாளில் ஸ்டூடியோ மூடுகிறோம் என்றது, எத்தனை மணி நேரம் ஆடியிருந்தாலும் ரீஃபண்ட் கிடைத்தது, அடுத்த ஜனவரியில் சர்வரும் நின்றது. கவனியுங்கள், இரண்டிலும் விளம்பரத்துக்கும் பொருளுக்கும் சம்பந்தமில்லை என்ற கூச்சல் உடனடியாகவும் பெரிதாகவும் எழுந்தது. மெதுவாகச் செத்துப்போகிற கேமுக்கு அந்தக் கூச்சல் எழுவதே இல்லை. அங்கேதான் நம் காசு போகிறது.

கோர்ட் என்றால், ஆஸ்திரேலியாவில் நுகர்வோர் ஆணையம் ஸ்டீமை நடத்தும் வால்வ் மீது வழக்குப் போட்டு ஜெயித்தது, 2016-இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். வெளிநாட்டு நிறுவனம் என்று சொல்லி அந்த நாட்டு நுகர்வோர் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று ஆனது. ஆனால் அது ரீஃபண்டே கிடையாது என்று சொன்னதற்கான வழக்கு, கேம் முடியவில்லை என்பதற்கானது அல்ல. இந்தியாவில் இருப்பவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். சில நூறு ரூபாய் கேமுக்காக அதற்கு மேல் அலைவது வீண் என்பது என் கணிப்பு, நீங்கள் பிடிவாதக்காரர் என்றால் தடுக்கமாட்டேன்.

ஸ்டீம் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். எந்தக் கடை தேவலை?

எர்லி ஆக்சஸுக்கு மட்டும் என்றால் ஜிஓஜி. கேம் அங்கே கிடைத்தால் வாங்குங்கள், 30 நாள், ஆடியிருந்தாலும் கேட்கலாம். எபிக்கில் ஸ்டீம் மாதிரியே 14 நாள், 2 மணி நேரம். ப்ளேஸ்டேஷன் கடைதான் கறார், டவுன்லோடு ஆரம்பித்த நிமிடமே, கேம் பழுதாக இருந்தாலொழிய, கதை முடிந்தது. தானாக டவுன்லோடு ஆகும் வசதியை முதலில் அணைத்துவிட்டு அப்புறம் கார்டை எடுங்கள்.