பழைய ஜிப்ஸிக்கு டீசல் இன்ஜின் மாற்றுவது ஏன்?

பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, வேறொரு வண்டியின் டீசல் இன்ஜினைப் பொருத்துவதுதான் இது. ஜீப் மாதிரியான மாருதி ஜிப்ஸி கடைசிவரை பெட்ரோலில் மட்டுமே வந்ததால், காடு மலை என்று ஓட்டுபவர்களுக்கு இந்த ஆசை வருகிறது.

காரணம் இழுவை. ஜிப்ஸியின் 1.3 லிட்டர் இன்ஜின் தன் முழு இழுவையான 103 நியூட்டன் மீட்டரைத் தருவது நிமிடத்துக்கு 4500 சுற்றில். டர்போ டீசல் 2000 சுற்றை ஒட்டியே அதைவிட அதிகம் தந்துவிடும். முன்னது ஓடிவந்தால்தான் தாண்டும் ஆள். பின்னது நின்ற இடத்திலேயே மூட்டையைத் தூக்கும் சுமைதூக்கி. சேற்றில் ஓடிவர இடம் ஏது?

பலர் கோட்டைவிடுவது பிரேக்கில். பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம்தான், பெடலை லேசாக மிதித்தாலே பிரேக் பிடிக்க உதவும் பூஸ்டரை இயக்குகிறது. டீசலில் அது போதுமான அளவு கிடைக்காது. வெற்றிடம் உண்டாக்கத் தனி வேக்குவம் பம்ப் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் பெடல் கல் மாதிரி இருக்கும். அப்புறம், எடை கூடுவதால் முன்பக்க ஸ்பிரிங் பட்டைகளை வலுவாக்க வேண்டும், கூடவே ஆர்.டி.ஓ. அனுமதியும் வேண்டும்.

டீசல் போட்டால் வேகம் கூடும் என்பது தவறு: அது 4500 சுற்றுக்குள்ளேயே மூச்சுவாங்கிவிடும், கியர் விகிதத்தை மாற்றாவிட்டால் உச்சவேகம் குறையத்தான் செய்யும்.